முன்பல்லில் எழுதியிருந்த போர்த் தண்ணிக் கணக்கு

2025 தை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணுச்சு.

"ஏன் தம்பி, எதுன்னாலும் நோண்டிப் பாத்து எழுதறவனாச்சே நீ. பாப்பாவுக்குப் பல்லு சரிபண்ண ஒண்ணேகால் லட்சம் ஆகுமுங்கறாங்க. குடுக்கலாமா, வேண்டாமா?"

பாப்பா என்பது அக்கா பொண்ணு. வயசு 23. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வீட்டுக்குக் கடைக்குட்டி, அதனால் இன்னும் பாப்பாதான். மேல்வரிசை முன்பல் ரெண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டை, பக்கத்துப் பற்களில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். சின்ன வயசிலிருந்தே சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோகும். எங்களுக்கு அது அவளுடைய பழக்கம் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும்தான் பேச்சு வந்தது. பார்க்க வந்த வீட்டு அம்மா ஒருத்தர் போகும்போது, "பொண்ணு பாக்கு கீக்கு போடுமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரி பாப்பா சாப்பிடவில்லை. அடுத்த வாரமே ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். மேல்வரிசை பத்துப் பல்லையும் சீவி, மேலே பீங்கான் தகடு ஒட்டினால் சரியாகிவிடும், கல்யாணத்துக்கு முன்னாடி முடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் இப்படி ஆச்சு என்பதற்கு அந்தச் சீட்டில் ஒரு வரியும் இல்லை.

நான் பல் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு பிழையைத் திருத்தும் முன் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அந்தத் தேடலில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வீடு, ரெண்டு விதமான பல்

முதலில் கண்ணில் பட்டது பாப்பாவின் அண்ணன். 1995-இல் பிறந்தவன். பல் முத்து மாதிரி இருக்கும். ஒரே அப்பா அம்மா, ஒரே சமையல், ஒரே பேஸ்ட். தங்கச்சி 2002 தொடக்கத்தில் பிறந்தவள். அவளுக்கு மட்டும் பட்டை. நிரல் ஒன்றாக இருந்து வெளியீடு மட்டும் மாறினால், சூழலில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவிடம் கேட்டேன். "இவனுக்கும் இவளுக்கும் நடுவுல வீட்டுல என்ன மாறுச்சு?"

அக்கா யோசிக்கவே இல்லை. "கிணறு வத்திப் போச்சே."

தாராபுரம் ரோட்டுப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். 2002-லிருந்து ரெண்டு மூணு வருஷம் தமிழ்நாடு முழுக்க மழை பொய்த்தது நம்ம வயசுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தென்னை தென்னையாகக் காய்ந்த வருஷங்கள். அதுவரை திறந்த கிணற்றுத் தண்ணிதான் குடித்தார்கள். 2003-இல் மாமா 800 அடிக்குப் போர் போட்டார். தண்ணி வந்தது, வீடே சந்தோஷப்பட்டது. பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயசு. குழாய்த் தண்ணி வரும்வரை குடிக்க, சமைக்க, பால் காய்ச்ச எல்லாமே அந்தப் போர்த் தண்ணிதான்.

ரெண்டு பிள்ளைகளை வைத்து ஒன்றை நிரூபிக்க முடியாது. ஆனால் எங்கே தோண்டுவது என்று காட்ட அது போதும்.

கிண்டியில் 1937

இந்தப் பட்டைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1901-இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேலைக்குப் போனார். ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. காரணம் தண்ணியில் இருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார், ஆனால் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1931-இல், அலுமினியம் கம்பெனி ஒன்றில் வேதியியலாளராக இருந்த சர்ச்சில் என்பவர் தண்ணியைச் சோதித்து விடையைச் சொன்னார். ஃபுளூரைடு.

நம்ம பக்கம் இந்த விடை வர அதிக நாள் ஆகவில்லை. 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் மக்கள் பல் கறை பட்டு, முதுகும் மூட்டும் விறைத்துப் போவதற்குக் குடிதண்ணியின் ஃபுளூரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். மூவரும் வேலை பார்த்தது சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்டில். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். இந்தியாவில் ஃபுளூரோசிஸ் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிய இடங்களில் அது முக்கியமானது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சனைக்கு எல்லோரும் அறிந்த உதாரணம் தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கே ஆழ்துளைக் கிணற்றை விட்டுவிட்டுக் காவிரித் தண்ணி கொடுப்பதுதான் தீர்வு என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடன் உதவி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2013-இல் திறப்பு. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. பல்லில் ஒரு கறைக்காக இவ்வளவு பெரிய திட்டமா என்று கேட்கலாம். பல் வெறும் முன்னறிவிப்பு. அதே தண்ணியைப் பல வருஷம் குடித்தால் எலும்புக்கும் போகும்.

பாறை, ஆழம், தண்ணி

கொங்கு நாடு கடினப் பாறை நிலம். நமக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். அவற்றுக்குள் இருக்கும் அபடைட், கருப்பு மைக்கா போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு கொஞ்சம் கொஞ்சம் உண்டு. மழைத் தண்ணி உடனே வந்து சேரும் கிணற்றில் அது கரைவதற்கு நேரமில்லை. பாறை இடுக்கில் பல வருஷம் தேங்கிக் கிடக்கும் ஆழத்துத் தண்ணிக்கு நேரம் நிறைய.

இன்னொரு சூட்சுமம் கால்சியம். தண்ணியில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளூரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, கார்பனேட் வகை உப்பு கூடி, காரத்தன்மை ஏறிய தண்ணியில் ஃபுளூரைடு கரைந்தே நிற்கும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துப் போர்களிலேயே அளவு வேறுபடலாம்.

முக்கியமான விஷயம், நாக்குக்கு இது தெரியாது. நாம் உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று பிரிப்பது வேறு கணக்கு. அருமையாக இனிக்கும் தண்ணியிலும் ஃபுளூரைடு இருக்கலாம். காய்ச்சினால் போகாது, தண்ணி ஆவியாகி அளவு இன்னும் கொஞ்சம் கூடும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணியே கிடைக்காவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான்.

பல் ஒரு லாக் ஃபைல்

பல்லின் மேலே இருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அதைக் கட்டும் செல்கள் ஈறுக்குள் வேலை பார்க்கின்றன. பல் வெளியே முளைத்ததும் அவை அழிந்துவிடும். அதனால் எனாமல் ஒருமுறை போனால் போனதுதான், நகம் மாதிரி மறுபடி வளராது. எங்கள் பாஷையில் சொன்னால், எழுத மட்டுமே முடிகிற, அழிக்க முடியாத லாக் ஃபைல்.

அந்தச் செல்கள் முதலில் ஒரு புரதச் சட்டத்தைப் போடுகின்றன. பிறகு புரதத்தை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கனிமத்தை நிரப்புகின்றன. கான்கிரீட் போட்டுவிட்டுப் பலகையைப் பிரிப்பது மாதிரி. ஃபுளூரைடு அதிகமானால் பலகை பிரிக்கும் வேலை தாமதமாகிறது. உள்ளே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. முளைக்கும்போது அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். முளைத்த பிறகு டீ, குழம்பு, வெத்தலை என்று எல்லாச் சாயமும் அந்தத் துளைகளில் ஏறிப் பழுப்பாகிறது. ஆக, துளை சின்ன வயசில் விழுந்தது, பழுப்பு பின்னால் வந்தது. இந்த வித்தியாசம் கடைசியில் எங்களுக்கு ஒண்ணேகால் லட்சத்தை மிச்சப்படுத்தியது.

மேல் முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாசத்தில் தொடங்கி நாலு, அஞ்சு வயசு வாக்கில் முடிகிறது. கடைவாய்ப் பக்கம் சில பற்களுக்கு எட்டு வயசு வரை ஆகும். அதற்குப் பிறகு எவ்வளவு ஃபுளூரைடு தண்ணி குடித்தாலும் பல்லில் புதிதாகப் பட்டை விழாது. அண்ணன்காரனுக்குப் போர் வந்தபோது எட்டு வயசு. அவனுடைய முன்பற்கள் எப்போதோ எழுதி முடிக்கப்பட்டிருந்தன. பாப்பாவுக்கு அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தது.

குடும்பத்தோடு ஒரு சனிக்கிழமை

பல்லடத்தில் எங்களுக்குத் தெரிந்த பல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். சின்ன கிளினிக், ரெண்டு நாற்காலி. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, ரெண்டு மாசமாக இடது பக்கம் மெல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்த நானும், ஆடுகிற பல்லோடு அம்மாவும் சேர்ந்துகொண்டோம். மூணு தலைமுறைக்கு மூணு பிரச்சனை.

பாப்பாவின் பல்லைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல எங்க இருந்தீங்க? என்ன தண்ணி குடிச்சீங்க?" எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. நான் என் கணக்கை எடுத்துச் சொன்னேன். பல்லின் நுனி முதலில் உருவாகும், அங்கே கறை குறைவு, நடுவில் அதிகம், அப்படியென்றால் ஒன்றரை வயசுக்குப் பிறகுதான் என்று. அவர் சிரித்தார். "சார், காரணம் சரிதான். ஆனா மர வளையம் மாதிரி அவ்வளவு சுத்தமா வருஷம் எண்ண முடியாதுங்க. எனாமல் போட்ட பிறகும் பல மாசம் உள்ள கெட்டிப்பட்டுட்டே இருக்கும். எந்த நேரத்துல பட்டாலும் பாதிக்கும்." என் அழகான சித்தாந்தத்தில் பாதி அங்கேயே கழன்றது.

அன்று அந்த நாற்காலிகளில் நடந்ததைத் தடுப்பது, சரிசெய்வது, அழகாக்குவது என்று மூன்றாகப் பிரிக்கலாம். பல் மருத்துவம் முழுவதுமே இந்த மூன்றுக்குள் அடங்கும். வரிசையும் இதுதான். பின்னால் போகப் போகச் செலவு கூடும், திரும்பி வரும் வழி குறையும்.

தடுப்பது: அம்மா

அம்மாவுக்கு 68 வயசு, சர்க்கரை உண்டு. கீழ்முன்பற்கள் ஆடுகின்றன. "கிளீன் பண்ணுனா பல்லு இன்னும் ஆடுமுங்க, பக்கத்து வீட்டுல பண்ணி எல்லாம் விழுந்துபோச்சு" என்று ஒரே பிடி.

இது நம்ம ஊரில் எல்லாரும் நம்புகிற விஷயம். இதில் பார்த்தது உண்மை, புரிந்துகொண்டது தவறு. பல்லைச் சுற்றிப் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது. அதுதான் காரை. அதன்மேல் கிருமி குடியேறி, ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. எலும்பு போன பிறகு பல்லை நிற்க வைப்பதே அந்தக் காரைதான், இடிந்த சுவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. முட்டை எடுத்ததும் சுவர் ஆடுவது தெரிகிறது. ஆட வைத்தது எடுத்தவர் இல்லை, பத்து வருஷமாக எடுக்காமல் விட்டது. சர்க்கரைக்கும் ஈறுக்கும் ரெண்டு பக்கமும் உறவு உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம்.

அடுத்த பயம், "மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்." மேல் பல்லுக்கு உணர்ச்சி தருவது முகத்துக்குப் போகும் முப்பிரிவு நரம்பின் ஒரு கிளை. பார்வைக்கு இருப்பது தனி நரம்பு, நேரே மூளைக்குப் போவது. ரெண்டும் வேறு வேறு கம்பி. வயசான காலத்தில்தான் பல்லும் போகிறது, கண்புரையும் வருகிறது. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டோம்.

அம்மாவின் பற்களில் ஈறோரம் பள்ளம் விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல். பிறகு நஞ்சன்கூடு பல்பொடி. 1913-இல் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்தியசாலையின் அந்தச் சிவப்புப் பொடி இல்லாத வீடு அப்போது குறைவு. பொடியை வைத்து விரலை அழுத்தி அழுத்தித் தேய்ப்பதுதான் எனாமலைத் தின்பது. ஆலங்குச்சி, வேலங்குச்சி பற்றிய பழமொழியும் டாக்டரிடம் வந்தது. அதில் வரும் வேல் கருவேல மரம், வேம்பு இல்லை என்பதை நானே அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா கடைசியில் காரை எடுக்கச் சம்மதித்தது டாக்டர் விளக்கியதால் இல்லை. "நீங்க படுங்கம்மா, ஒரு பக்கம் மட்டும் பண்றேன், ஆடுச்சுன்னா காசு வேண்டாம்" என்றார், அதனால்தான்.

சரிசெய்வது: நான்

என் பல்லில் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. நான் மிட்டாய் தின்பவன் இல்லையே என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" ஆறு. எல்லாம் சர்க்கரை போட்டு, கீபோர்டு பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் உறிஞ்சி உறிஞ்சி.

வாயில் உள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். அமிலத்தன்மையின் அளவு சுமார் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். 1940-களில் ஸ்டீபன் என்ற ஆராய்ச்சியாளர் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். இனிப்பு போன சில நிமிஷத்தில் சரிவு, எச்சில் அதை மீட்க அரை மணி முதல் ஒரு மணி நேரம். எனவே எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. 1940-களின் பிற்பாதியில் சுவீடனின் விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டும் மிட்டாயைக் கொடுத்து இதைச் சோதித்தார்கள். அறிவியல் கிடைத்தது, ஆனால் சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களின் பல்லை விலையாகக் கொடுத்து. இன்று அதை மருத்துவ அறமீறலுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இங்கேதான் ஃபுளூரைடின் மறுபக்கம். எச்சிலில் கொஞ்சமாக அது இருந்தால், கரைந்த கனிமம் திரும்பப் படியும்போது அமிலத்தை இன்னும் தாங்கக்கூடியதாகப் படிகிறது. 4.5 வரை தாக்குப் பிடிக்கும். 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் வேண்டுமென்றே குடிதண்ணியில் ஃபுளூரைடு சேர்த்தது இதற்காகத்தான். கொலராடோவில் கறை பட்ட பற்களில் சொத்தை குறைவு என்பதை மெக்கே அப்போதே கவனித்திருந்தார். பேஸ்ட்டில் இருப்பது நல்லது, ஏனென்றால் அது பல்லின் மேலே வேலை செய்து துப்பப்படுகிறது. குழந்தை வயிற்றுக்குள் அளவு மீறிப் போனால்தான் வளரும் பல்லுக்குக் கேடு. அதனால்தான் மூணு வயசு வரை அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயசு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலைஅலையாகப் பிதுக்குவது விற்பனைக்கு.

என் சொத்தை சின்னதாக இருக்கும்போதே போயிருந்தால் அடைப்பதோடு முடிந்திருக்கும். முன்பெல்லாம் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு. 2013-இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகமே அதைக் குறைத்து வருகிறது. இப்போது பல் நிறப் பிசின். ஆனால் நான் தாமதித்ததால் வேர் சிகிச்சை. உள்ளே இருக்கும் செத்த நரம்புச் சதையை எடுத்து, கால்வாயைச் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினால் அடைக்கிறார்கள். மலாய் நாட்டு மரத்திலிருந்து வரும் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதேதான். வாயைத் திறந்தபடி இதைக் கேட்டபோது, இன்ஜினியர் என்ற முறையில் எனக்கு வலியே கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மேலே ஒரு தொப்பி போட்டு, மூணு தடவை போய் முடித்தேன்.

அழகாக்குவது: பாப்பா

இப்போது அந்த ஒண்ணேகால் லட்சம். டாக்டர் அதைக் குறை சொல்லவில்லை. பீங்கான் தகடு நல்ல சிகிச்சைதான், தேவைப்படும் இடத்தில். ஆனால் ஒட்டுவதற்குப் பல்லின் மேல்பரப்பை அரை மில்லிமீட்டர் வாக்கில் சீவ வேண்டும். அது திரும்ப வளராது. தகடும் நிரந்தரமில்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். பாப்பாவுக்கு 23. எழுபது வயசு வரை எத்தனை தடவை என்று நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

"படி ஏறுற மாதிரிங்க. கீழ்ப் படியில நின்னு கை எட்டுதான்னு பாருங்க. எட்டலீன்னா அடுத்த படி."

முதல் படி, வெளுப்பு மருந்து. பல்லைச் சீவாமல் சாயத்தை மட்டும் மங்கவைக்கும். ரெண்டாவது, நுண்தேய்ப்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெல்லிய அரைபொருளும் கலந்த பசையால் மேல்தோலை மட்டும் தேய்த்து எடுப்பது. போவது பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பழுப்பு மேற்பரப்புத் துளைகளில்தான் இருக்கிறது என்பதால் இது பலிக்கும். மூன்றாவது, பிசின் ஊட்டல். இதன் இயற்பியல் எனக்குப் பிடித்திருந்தது. எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62. துளைக்குள் இருக்கும் காற்றுக்கு 1, தண்ணிக்கு 1.33. இந்த வித்தியாசத்தில் ஒளி சிதறுவதால்தான் திட்டு வெள்ளையாகத் தெரிகிறது. 1.52 உள்ள பிசினைத் துளைக்குள் ஏற்றினால் சிதறல் குறைந்து திட்டு மறைகிறது. நனைந்த வெள்ளைச் சட்டை கண்ணாடி மாதிரி ஆவதும் இதே கணக்கு. இதெல்லாம் போதாவிட்டால்தான் தகடு, அதுவும் வேண்டிய பல்லுக்கு மட்டும்.

பாப்பா இதுவரை பேசவே இல்லை. அப்போது கேட்டது: "டாக்டர், இது என் தப்பா? நான் சரியா விளக்காம விட்டதா?"

"இல்லீங்க கண்ணு. நீங்க குடிச்ச தண்ணி. உங்களுக்கு அப்ப ரெண்டு வயசு."

அவள் அழுதாள். இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

நுண்தேய்ப்பு ரெண்டு தடவை, பிறகு வீட்டில் வைத்துக்கொள்ளும் வெளுப்பு மருந்து. பழுப்பு ஏறக்குறைய போய்விட்டது. வெள்ளைத் திட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. பிசின் ஊட்டலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, "இருக்கட்டுங்க, பாத்துக்கலாம்" என்றுவிட்டாள். கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் பல்

கிளம்பும்போது டாக்டர் போகிற போக்கில் கேட்டார்: "அந்தப் போர் இன்னும் ஓடுதுங்களா?"

ஓடுகிறது. அத்திக்கடவுத் தண்ணி வரும், ஆனால் தினமும் வராது. குடிக்க மட்டும் குழாய்த் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சோறு வடிக்க, பருப்பு வேக வைக்க, டீ போட எல்லாம் போர்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அண்ணன்காரனின் பையன், அக்காவின் பேரன், அதே வீட்டில்தான் இருக்கிறான். வயசு ஒன்று ரெண்டு மாசம். அவனுக்குப் பால் பவுடர் கலக்குவதும் கஞ்சி காய்ச்சுவதும் போர்த் தண்ணியில்தான்.

திங்கட்கிழமை ரெண்டு சுத்தமான பாட்டிலில் தண்ணி பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணியில் 0.3. போர்த் தண்ணியில் 2.3.

அந்தத் தாளை அக்காவிடம் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா பாப்பாவுக்குக் கிணத்துத் தண்ணிய வெளியிலிருந்தாச்சும் வாங்கிக் குடுத்திருப்பேனே" என்றது. தெரிந்திருக்க வாய்ப்பில்லை அக்கா என்றேன். 1937-இல் கிண்டியில் எழுதிய ஒரு விஷயம் தாராபுரம் ரோட்டுத் தோட்டத்துக்கு வந்துசேர எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது பேரனுக்குச் சமைப்பதும் குழாய்த் தண்ணியில்தான். அது வராத நாளுக்கு ஒரு ஆர்.ஓ. கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஃபுளூரைடை அது பெரும்பகுதி எடுத்துவிடும், வழக்கமாக விற்கும் மெழுகுவத்தி வடிகட்டி எடுக்காது. போர்த் தண்ணி தென்னைக்கும் மாட்டுக்கும் துணி துவைக்கவும்.

உங்கள் வீட்டில் எட்டு வயசுக்குக் கீழே குழந்தை இருந்து, சமையலுக்காவது போர்த் தண்ணி புழங்கினால், ஒரு பாட்டில் தண்ணியைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். பல்லில் தெரியும்வரை காத்திருந்தால், அதற்குள் எழுதி முடித்திருக்கும்.

போன மாசம் பேரனின் முடி இறக்கும் விசேஷத்தில் பாப்பா யாரோ சொன்ன எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். கை மட்டும் பழக்கத்தில் பாதி தூரம் மேலே வந்து, அங்கேயே நின்றுவிட்டது.